இரண்டு முறை பிரித்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்

வண்டி 1997-ஆம் வருடத்து பிக்கப் டிரக். 5.7 லிட்டர் வி8 எஞ்சின், பின்சக்கர இழுவை, ஓடோமீட்டரில் 1,83,000 மைல். டெக்சாஸில் நான் இருக்கும் பக்கம் இந்த மாதிரி வண்டி தெருவுக்கு நாலு நிற்கும். மரச்சட்டம், மண்மூட்டை ஏற்றி வரலாம் என்று மலிவாக வாங்கினேன். பின்னால் டிரெய்லர் மாட்டும் குண்டு பளபளவென்று தேய்ந்திருந்ததை அன்றைக்கே கவனித்தேன். முன்னால் வைத்திருந்தவர் நிறைய இழுத்திருக்கிறார். விலையைப் பார்த்து அதை மறந்துவிட்டேன்.

எட்டு மாதம் ஒழுங்காக ஓடியது. ஆகஸ்ட் மாதத்து மத்தியானம் ஒன்றில், இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும் இடத்தில் எஞ்சின் மட்டும் ‘உய்ங்’ என்று எகிறியது. வண்டிக்கு இழுவை இல்லை. ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடித்ததும் ஒரு உதையோடு மூன்றாவது விழுந்தது. நாலைந்து சிக்னல் தாண்டியதும் அதுவும் நின்றுபோனது. லீவரை 2-ல் போட்டு, 35 மைல் வேகத்தைத் தாண்டாமல், பின்னால் வந்தவர்களிடம் ஹாரன் வாங்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

விசாரித்த இடத்தில் கியர்பாக்ஸைப் பிரித்துக் கட்டித் தர 3,200 டாலர் சொன்னார்கள். வண்டியே அவ்வளவு பெறாது. வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தது அப்படித்தான். வீரம் ஒன்றும் இல்லை.

பிரிப்பதற்கு முன்

உள்ளே இருப்பது 4எல்60-இ என்ற நாலு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி. ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் வம்சம். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் தொடங்கிய பெயர் அது. இந்தப் பெட்டி 1982-ல் 700ஆர்4 என்று வந்தது, 1990-ல் 4எல்60 ஆனது. 1993-ல் கியர் மாற்றும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துக் கடைசியில் ‘இ’ சேர்த்தார்கள். லட்சக்கணக்கான வண்டிகளில் போனதால் உதிரிபாகம் மலிவு, கையேடும் சுலபமாகக் கிடைக்கும். முதன்முதலாகக் கை வைக்கிறவனுக்கு இதைவிட நல்ல பெட்டி அமையாது.

உள்ளே இரண்டு பிளானட்டரி கியர் செட் (நடுப்பல்லைச் சுற்றிச் சின்னப் பற்சக்கரங்கள் சுழலும் தொகுதி), ஆயில் அழுத்தத்தில் தட்டுகளை நெரித்துப் பிடிக்கும் ஐந்து கிளட்ச் அடுக்கு, டிரம்மைச் சுற்றி இறுக்கும் பட்டையான ஒரு பேண்ட், ஒரு பக்கம் மட்டும் சுற்ற விடும் கிளட்ச் இரண்டு. எந்த கியருக்கு எது பிடிக்கிறது என்ற அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டால் பாதி நோயை வண்டிக்கு அடியில் போகாமலே கண்டுபிடிக்கலாம். என் வண்டியில் ரிவர்ஸ் நன்றாக விழுகிறது. அப்படியென்றால் ஆயிலுக்கு அழுத்தம் கொடுக்கும் பம்ப் வேலை செய்கிறது, ரிவர்ஸுக்கான இரண்டு அடுக்கும் நலம், நடுப்பல்லோடு சேர்ந்த கூடான சன் ஷெல்லும் உடையவில்லை. (இந்தப் பெட்டியில் சன் ஷெல் உடைந்தால் 2, 4, ரிவர்ஸ் மூன்றும் சேர்ந்தே போகும்.) முதல் கியர் இருக்கிறது, ஆகவே ஃபார்வர்ட் கிளட்ச் இருக்கிறது. இரண்டாவது இருக்கிறது, ஆகவே பேண்ட் பிடிக்கிறது. மூன்றும் நாலும் இல்லை. மிச்சம் இருப்பதில் இரண்டுக்கும் பொதுவான ஒரே ஆள் 3-4 கிளட்ச்.

ஆனால் அந்த கிளட்சுக்கு உத்தரவே போகவில்லையோ என்ற சந்தேகம் மிச்சம் இருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் பெரிய ஒயர் கனெக்டரைக் கழற்றிவிட்டு டிரைவில் போட்டேன். கரண்ட் இல்லாவிட்டால் இரண்டு ஷிஃப்ட் சொலினாய்டும் (கியரை மாற்ற ஆயிலைத் திருப்பிவிடும் மின்வால்வுகள்) ஆஃப். இந்தப் பெட்டியில் இரண்டும் ஆஃப் என்றால் மூன்றாவது கியர். மூன்றாவது உயிரோடு இருந்தால் வண்டி நின்ற இடத்திலிருந்து சோம்பலாக, முக்கி முனகிக் கிளம்ப வேண்டும். என் வண்டியோ முதல் கியர் மாதிரித் துள்ளிக் கிளம்பியது. பார்த்தவுடன் ‘சரியாகிவிட்டதோ’ என்று தோன்றும். உண்மை நேர் எதிர். 3-4 கிளட்ச் பிடிக்காவிட்டால் மிச்சம் இருப்பது ஃபார்வர்ட் கிளட்சும், கீழே ஒரு பக்கம் மட்டும் சுற்றும் ரோலர் கிளட்சும். அந்த இரண்டும் சேர்ந்தால் முதல் கியர். ஒயர், கம்ப்யூட்டர், சொலினாய்டு எல்லாம் குற்றமற்றவை என்று அந்த ஒரு துள்ளலே சொல்லிவிட்டது.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பி1870 என்று ஒரு பிழைக் கோடு (code). ‘உள்ளே ஏதோ வழுக்குகிறது’ என்று அர்த்தம். இந்தக் கோடு பின்னால் என்னைத் தவறான வழியில் கூட்டிப் போனது.

இறக்கியதும் திறந்ததும்

இறக்குவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, உடம்பு வலியைத் தவிர. பேட்டரி, புரொப்பல்லர் ஷாஃப்ட், கூலர் குழாய், லீவர் கம்பி, கன்வெர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கொடுக்கும் கூடு) போல்ட்டுகள், அப்புறம் எஞ்சினோடு சேர்க்கும் போல்ட்டுகள். ஒரே ஒரு எச்சரிக்கை. பெட்டி மட்டும் ஏறக்குறைய 70 கிலோ, கன்வெர்ட்டரும் அதிலிருக்கும் ஆயிலும் தனி. சாதாரண ஜாக்கில் மரக்கட்டை வைத்து இறக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கியர்பாக்ஸ் ஜாக் வாடகைக்குக் கிடைக்கும், அதில் சங்கிலி போட்டுக் கட்டி இறக்குங்கள். நாலு மூலையிலும் ஸ்டாண்டு போடாமல் அடியில் படுக்கவே கூடாது.

பெட்டிக்கு அடியில் ஆயில் நிற்கும் தட்டான பேனைக் கழற்றியதும் கேரேஜ் முழுக்க அடிபிடித்த பாத்திரத்து நாற்றம். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. பேனில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், அது வழக்கமான தேய்மானம். என் பேனில் அதோடு டீத்தூள் மாதிரி கறுப்புத் துகள் ஒரு கரண்டி இருந்தது. அது கிளட்ச் பிளேட்டின் உராய்வுத்தாள்.

கைக்கு உதவியாக என் மச்சினன் வந்திருந்தான். ஆயிலை எந்த கிளட்சுக்கு அனுப்புவது என்று பிரித்துவிடும் வால்வு பாடியை இறக்கும்போது அதற்கு மேலேயுள்ள வழிகளில் இருக்கும் மிளகளவு எஃகுக் குண்டுகள் உருண்டு ஓடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம். போட்டோ எடுத்துக்கொண்டு, வீட்டிலிருந்த பழைய இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாக வைத்து, மார்க்கரால் எண் போட்டோம். பம்ப், டிரம், தட்டு, வளையம் என்று ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் பரப்பி முடித்தபோது கேரேஜ் தரை நிறைந்துவிட்டது.

“மாமா, இதையெல்லாம் திரும்ப மாட்டிடுவீங்களா?”

“மாட்டித்தான் ஆகணும். நீ அந்த வரிசையைக் கலைச்சிடாதே.”

இன்புட் டிரம் என்பது இந்தப் பெட்டியின் நெஞ்சு. ஃபார்வர்ட், ஓவர்ரன், 3-4 ஆகிய மூன்று கிளட்சும் ஒரே அலுமினிய டிரம்முக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். மேல் சர்க்கிளிப்பைக் கழற்றினால் முதலில் வருவது 3-4 அடுக்கு. ஆறு உராய்வுத் தட்டில் நாலில் தாள் என்று எதுவுமே இல்லை, வெறும் உலோகம். இடையிலிருந்த எஃகுத் தட்டுகள் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியிருந்தன. ஒன்றைக் கண்ணாடி மேல் வைத்தேன். அப்பளம் மாதிரி ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது.

எரிந்தது எது என்று தெரிந்துவிட்டது. எரித்தது எது?

பிரபலமான குற்றவாளி

இந்தப் பெட்டியைப் பற்றிப் படித்திருப்பவர்களுக்கு பி1870 என்றதும் நினைவுக்கு வருவது ஒன்றுதான். வால்வு பாடியில், டார்க் கன்வெர்ட்டருக்குள் எஞ்சினையும் பெட்டியையும் நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச்சின் அழுத்தத்தை ஒழுங்குபடுத்தும் ஒரு சின்ன வால்வு உண்டு. கம்ப்யூட்டர் அதை நொடிக்குப் பல தடவை துடிக்க வைப்பதால், எஃகு வால்வு அலுமினியத் துளையை அரித்துவிடும். ஆயில் கசியும், லாக்-அப் வழுக்கும், கோடு வரும். அந்த வால்வை உருவிப் பார்த்தேன். துளையின் ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்து, நகத்தில் படுகிற அளவுக்கு வரம்பு விழுந்திருந்தது. இருபத்தைந்து வருடம் துடித்த இடம், தேயாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் தலைக்கேறியது. துளையைப் பெரிதாக்கும் ரீமரும் அதற்கேற்ற பெரிய வால்வும் வாங்கி, இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அதைச் சரி செய்தேன். செய்ய வேண்டிய வேலைதான், தப்பில்லை. ஆனால் லாக்-அப் வால்வு தேய்ந்தால் லாக்-அப் வழுக்கலாம். 3-4 கிளட்ச் ஏன் கருக வேண்டும்? இந்தக் கேள்வியை அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும். ஊரறிந்த பழுதைக் கண்ணால் பார்த்துவிட்ட திருப்தியில் தேடலை அதோடு நிறுத்திவிட்டேன். மற்றபடி, காய்ந்து பிளாஸ்டிக் மாதிரி விறைத்துப்போன பிஸ்டன் சீல்கள் மீது மிச்சப் பழியைப் போட்டேன்.

முதல் தடவை பூட்டியது

புதுத் தட்டுகள், பேண்ட், எல்லா சீலும் உள்ள முழு கிட் 260 டாலர். கன்வெர்ட்டரை வீட்டில் பிரிக்க முடியாது, அது பற்றவைத்த கூடு. உள்ளே கருகிய தூள் தங்கியிருக்கும் என்பதால் புதுப்பித்த கன்வெர்ட்டர் 170 டாலர்.

பூட்டுவதில் எனக்கு அதிக நேரம் தின்றது பிஸ்டன் சீல்தான். ரப்பர் உதடு டிரம்முக்குள் போகும்போது மடங்கிவிட்டால் வெளியிலிருந்து தெரியவே தெரியாது. கிடார் கம்பி ஒன்றை வளைத்துக் கைப்பிடிக் குழாயில் செருகி, அதால் உதட்டை நெருடி நெருடி உள்ளே இறக்கினேன். தடவுவதற்கு வாசலின் மட்டும். சாதாரண கிரீஸ் ஆயிலில் கரையாது, சின்ன வழிகளை அடைத்துவிடும். உராய்வுத் தட்டுகளை ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறவைத்தேன். இன்புட் ஷாஃப்ட்டின் நாலு டெஃப்லான் வளையமும் மாட்டும்போது விரிந்துவிடும்; மெல்லிய தகட்டைச் சுற்றி ஹோஸ் கிளாம்ப்பால் இறுக்கி ஒரு மணி நேரம் விட்டால் பழைய அளவுக்குச் சுருங்கும். 3-4 அடுக்கில் வைத்த இடைவெளி 0.035 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

அடுத்தது காற்றுச் சோதனை. டிரம்மைப் பம்ப்பின் மேல் உட்கார வைத்து, கம்ப்ரெஸரை 40 பிஎஸ்ஐ-க்குக் குறைத்து, ஒவ்வொரு கிளட்ச்சின் துளையிலும் காற்று விட வேண்டும். பிஸ்டன் எழுந்து தட்டுகளை நெரிக்கும் சத்தம் கேட்கும். ஃபார்வர்டில் விட்டேன்: ‘டொப்’, அப்புறம் அமைதி. ஓவர்ரன்: ‘டொப்’, அமைதி. 3-4-ல் விட்டேன்: ‘டொப்’, அதன் பின்னால் ஒரு நீளமான ‘ஸ்ஸ்ஸ்’.

அந்த ‘ஸ்ஸ்ஸ்’ இன்னும் என் காதில் இருக்கிறது. காற்று ஆயிலைவிட மெல்லியது, கொஞ்சம் கசியத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மணி ராத்திரி பதினொன்று. மறுநாள் ஜாக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மனம் எப்படியெல்லாம் காரணம் கண்டுபிடிக்கிறது பாருங்கள்.

கூலரைக் கழுவி, பெட்டியை ஏற்றினேன். கன்வெர்ட்டரை மூன்று கட்டமாக உள்ளே இறக்க வேண்டும்: ஷாஃப்ட்டின் பல், ஸ்டேட்டரின் பல், கடைசியில் பம்ப்பின் பிடி. கடைசிக் கட்டம் விழாமல் போல்ட் போட்டு இறுக்கினால், எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பம்ப் உடைந்துவிடும். சரியாக உட்கார்ந்திருந்தால் கன்வெர்ட்டருக்கும் எஞ்சின் பக்கத்துத் தகடான ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவில் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். எனக்கு 4 இருந்தது.

ஓட்டினேன். நாலு கியரும் வெண்ணெய் மாதிரி விழுந்தன. கோடு இல்லை. மச்சினனுக்கு போன் போட்டுப் பெருமை அடித்துக்கொண்டேன்.

பதினொரு நாள், 430 மைல். பன்னிரண்டாம் நாள் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி, ஆயில் நன்றாகச் சூடேறிய நிலையில், 2-3 மாற்றத்தில் அதே ‘உய்ங்’. சின்னதாகத்தான், ஒரு நொடி கூட இருக்காது. வயிற்றைக் கலக்கிவிட்டது.

இரண்டாம் தடவை

இந்த முறை அவசரப்படவில்லை. பெட்டியின் இடது பக்கம் லீவருக்குப் பக்கத்தில் அழுத்தம் பார்க்கும் துளை உண்டு. அதில் மீட்டர் மாட்டி, ஆயிலைச் சூடாக்கிப் பார்த்தேன். டிரைவில் ஐடிலில் 60 பிஎஸ்ஐ. கனெக்டரைக் கழற்றினால் 180. (இதில் அழுத்தத்தை ஆளும் சொலினாய்டுக்குக் கரண்ட் குறையக் குறைய அழுத்தம் ஏறும், கரண்டே இல்லாவிட்டால் உச்சம்.) இரண்டும் கையேட்டில் சொன்னபடி. பம்ப்பும் ரெகுலேட்டரும் நலம். பிரதான வழியில் அழுத்தம் இருக்கிறது, 3-4 பிஸ்டனுக்குப் போய்ச் சேரும்போது இல்லை. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் கசிவை மறைக்கிறது, சூடானதும் காட்டிக்கொடுக்கிறது. இவ்வளவும் வண்டிக்கு அடியில் படுத்தபடியே தெரிந்துவிட்டது.

மறுபடி இறக்கினேன். 430 மைல் மட்டுமே ஓடிய தட்டுகளின் ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது. சீல் உதடுகளைப் பார்த்தேன், ஒன்றும் மடங்கவில்லை. டிரம்மில் வெடிப்பும் இல்லை. பழைய வண்டிகள் உடைக்கும் யார்டுக்குப் போய் 35 டாலருக்கு இன்னொரு இன்புட் டிரம் வாங்கி வந்து, அதை என் பம்ப்பின் மேல் வைத்து அதே துளையில் காற்று விட்டேன். ‘டொப்’. அமைதி. எனக்குத் தேவையாக இருந்தது அந்த ஒப்பீடுதான். நல்ல டிரம் எப்படிச் சத்தம் போடும் என்றே தெரியாமல் முதல் தடவை என் டிரம்முக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

டிரம்முக்குள், 3-4 பிஸ்டனுக்குப் பின்னால் ஆயில் நிற்கும் அறை ஒன்று உண்டு. முதல், இரண்டாம் கியர்களில் அங்கே அழுத்தம் போகாது. ஆனாலும் மிச்சசொச்ச ஆயில் உள்ளே கிடக்கும். டிரம் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்று சுற்றும்போது அந்த மிச்ச ஆயில் ஓரத்துக்கு வீசப்பட்டு, தானாகவே அழுத்தம் உண்டாக்கி பிஸ்டனைத் தள்ளப் பார்க்கும். வேண்டாத நேரத்தில் தட்டுகள் உரசும். அதைத் தடுக்க அறையிலிருந்து வெளியே ஒரு வழி வைத்து, அதில் பயறளவு கேப்சூலும் அதற்குள் ஒரு எஃகுக் குண்டும் பொருத்தியிருக்கிறார்கள். சும்மா சுற்றும்போது குண்டு இருக்கையை விட்டு விலகி ஆயிலை வெளியேற்றும். மூன்றாவது கியருக்கான அழுத்தம் வந்ததும் அந்த ஆயிலே குண்டை இருக்கையில் அழுத்தி வழியை அடைத்துவிடும்.

என் டிரம்மை, குண்டு இருக்கையில் விழும்படி சாய்த்துப் பிடித்து, மேலே கொஞ்சம் மினரல் ஸ்பிரிட் ஊற்றினேன். யார்டு டிரம்மில் எப்போதாவது ஒரு சொட்டு. என்னுடையதில் விடாமல் நூல் மாதிரி ஒழுகியது. டார்ச் அடித்துப் பார்த்தால் இருக்கையின் விளிம்பில் அரிசி நுனியளவு ஒரு சொத்தை. மூன்றாவது கியருக்குப் போன அழுத்தத்தில் ஒரு பங்கு, ஒவ்வொரு தடவையும் அந்தச் சொத்தை வழியாகத்தான் வெளியே போயிருக்கிறது. பிஸ்டன் முழு பலத்தோடு நெரிக்காமல் தட்டுகள் வழுக்கிச் சூடாகி, முன்னவர் இழுத்த டிரெய்லர் பாரத்தில் இன்னும் வேகமாகக் கருகியிருக்கின்றன.

கேப்சூல் நாலு டாலர். நான் வாங்கிய கிட்டில் அது இல்லை. பஞ்ச் வைத்துப் பழையதைத் தட்டி எடுத்து, புதியதை அடித்து இறக்கி, ஓரத்தை நாலு இடத்தில் உளியால் நெரித்துப் பூட்டினேன். பத்து நிமிட வேலை. யார்டு டிரம்மையே போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். அதன் ஷாஃப்ட்டில் வளையம் உட்காரும் பள்ளங்கள் தேய்ந்திருந்தன, அதனால் என்னுடையதையே வைத்துக்கொண்டேன்.

மறுபடி தட்டுகள், சீல்கள், வாசலின், கிடார் கம்பி. இன்புட் ஷாஃப்ட்டின் முன்பின் ஆட்டத்தை டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன், 0.13 முதல் 0.92 மில்லிமீட்டர் வரை இருக்கலாம், எனக்கு 0.4. காற்றுச் சோதனையை மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் ‘டொப்’போடு முடிந்தது. வால்வு பாடி போல்ட்டுகளை 11 நியூட்டன் மீட்டருக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்கினேன். அதற்கு மேல் முறுக்கினால் வால்வுகள் துளைக்குள் சிக்கிக்கொள்ளும். ரேடியேட்டருக்கு முன்னால் தனி ஆயில் கூலர் மாட்டுவதை முதல் தடவையே முடித்திருந்தேன்.

மொத்தச் செலவு: முதல் தடவை ரீமர், கூலர், ஆயில், ஜாக் வாடகை எல்லாம் சேர்த்து 790 டாலர். இரண்டாம் தடவை யார்டு டிரம்மையும் சேர்த்து 284. கேட்ட 3,200-ஐ நினைத்தால் லாபம்தான். ஆனால் மூன்று வார இறுதிகளையும், மீதி நாள் சாயங்காலங்களையும் யாரும் எனக்கு விலைபோட்டுத் தரப்போவதில்லை.

இப்போது பதினாலு மாதம், ஒன்பதாயிரம் மைல். போன கோடையில் செங்கல் ஏற்றிய டிரெய்லரை நாலாவது கியரில் போகாமல் லீவரை 3-ல் வைத்து இழுத்து வந்தேன். ஆயில் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. குளிர்காலக் காலைகளில் 1-2 மாற்றம் மட்டும் கொஞ்சம் உதைக்கிறது. மாற்றத்தின் உதையைத் தணிக்கும் அக்யுமுலேட்டர் பிஸ்டனாக இருக்கலாம். அதற்குப் பெட்டியை இறக்க வேண்டியதில்லை, பேனைக் கழற்றினாலே கைக்கு வரும். அடுத்த ஆயில் மாற்றும்போது பார்க்க வேண்டும்.